கதை கேட்கும் பாலையா

'காதலிக்க நேரமில்லை' படத்தை எங்கள் வீட்டில் முதலில் யாரும் பார்க்கவில்லை. கேட்டோம். எண்பதுகளின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து பாய் விரித்த பிறகு, திருச்சி வானொலியின் ஒலிச்சித்திரம். முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவார்கள். யார் வந்தார், யார் போனார் என்பதைக் கதவுச் சத்தத்தை வைத்து நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பாட்டு வந்தால் அம்மா சத்தத்தைக் கூட்டச் சொல்வாள், சண்டை வந்தால் குறைக்கச் சொல்வாள். இந்தப் படத்தில் சண்டை இல்லாததால் குமிழைத் திருகும் வேலை மிச்சம்.

நாகேஷ் கதை சொல்லும் இடம் வந்ததும் சித்தப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். நாகேஷ் வாயால் எழுப்பும் ஒவ்வொரு சத்தத்தையும் இவரும் கூடவே எழுப்புவார். கதவு கிறீச்சிடும், காற்று ஊளையிடும், பாயில் படுத்திருக்கும் நாங்கள் உருண்டு உருண்டு சிரிப்போம். அந்தக் காட்சி என்றாலே நாகேஷ் என்றுதான் பதினான்கு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தெரியும். ஆனால் வானொலியில் அவருடைய பங்கு நாலைந்து முனகல், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் தூர்தர்ஷனில் படத்தைப் போட்டார்கள், எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். நாகேஷ் அங்கே இங்கே நடக்கிறார், குனிகிறார், கையை விரிக்கிறார். ஆனால் என் கண் அவர் பக்கம் போகவே இல்லை. உட்கார்ந்திருக்கும் பாலையாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ரேடியோ எங்களுக்குப் பாதிக் காட்சியைத்தான் கொடுத்திருக்கிறது!

அன்றிலிருந்து இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் கதாநாயகர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் பின்னால்தான் போகிறேன். எனக்குத் தெரிந்து இந்தப் படத்தைத் தாங்கிப் பிடிப்பது அவர்கள்தான்.

முதலில் படம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1964 பிப்ரவரியில் வெளியானது. இயக்குநர் ஸ்ரீதர் என்றால் அன்றைக்கு ஜனங்களுக்குக் கைக்குட்டைதான் நினைவுக்கு வரும். 'கல்யாண பரிசு' 1959இல், 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962இல். இரண்டிலும் முக்கோணக் காதல், யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்து அழ வேண்டும். பின்னதில் முத்துராமன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே படம் பார்த்தவர்களை எல்லாம் அழ வைத்தார். அதே முத்துராமனுக்கு நரைமுடி ஒட்டி, கையில் தடியைக் கொடுத்து, கோடீஸ்வரக் கிழவர் ஆக்கிச் சிரிக்க வைப்பது என்றால் அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை ஸ்ரீதருக்கு ஊட்டியவர் சித்ராலயா கோபு. இருவரும் செங்கல்பட்டில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஸ்ரீதரின் படங்களில் நகைச்சுவைப் பகுதியைக் கவனித்துக்கொண்டவர் கோபுதான். ஓரமாக வந்து போய்க்கொண்டிருந்த அந்தப் பகுதியையே படமாக எடுத்தால் என்ன என்று அவர்தான் கேட்டார். மெரினா கடற்கரையில் உட்கார்ந்து பேசிப் பேசியே கதை உருவானது. படத்தின் பேச்சில் அந்தக் கடற்கரை அரட்டை இன்னும் இருக்கிறது. யாரும் எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி தெரியவில்லை.

ஒரு விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. 'கல்யாண பரிசு'வில் தங்கவேலு எழுத்தாளர் பைரவன் என்று அளந்துவிடுவாரே, அந்தப் பொய்தான் இந்தப் படத்தின் விதைநெல் என்று எனக்குப் படுகிறது. ஒருவன் பொய் சொல்கிறான், வீட்டில் இருப்பவர்கள் நம்புகிறார்கள், பொய் மேல் பொய் ஏறுகிறது. அங்கே அது கண்ணீருக்கு நடுவில் வந்து போன ஓய்வு. இங்கே அதையே முழுப் படமாக நீட்டியிருக்கிறார்கள். சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனின் பெண்ணைக் காதலிக்கும் அசோக், தான் பெரிய கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகன் என்று ஒரு பொய் சொல்கிறான். சொன்ன பொய்க்கு ஓர் அப்பா வேண்டும். நண்பன் வாசு வேஷம் கட்டி வருகிறான். வந்த இடத்தில் முதலாளியின் மூத்த மகள்தான் வாசுவின் காதலி. இன்னொரு பக்கம் முதலாளியின் மகன் செல்லப்பா (நாகேஷ்), கையில் காலணா இல்லாமல் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று ஒரு சினிமாக் கம்பெனி நடத்துகிறான்.

யோசித்துப் பார்த்தால் வீட்டில் உள்ள எல்லோரும் விஸ்வநாதனிடம் கதைதான் சொல்கிறார்கள். செல்லப்பா சொல்வது சினிமாக் கதை, அசோக் சொல்வது பணக்காரக் கதை, வாசு சொல்வது கிழவர் கதை. அத்தனையையும் உட்கார்ந்து கேட்பவர் ஒரே ஆள். பொய் சொல்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நம்புவதற்கு ஒரு முகம் இல்லாவிட்டால் காட்சி படுத்துவிடும். அந்த முகத்துக்கு டி.எஸ்.பாலையாவைப் பிடித்ததுதான் ஸ்ரீதரும் கோபுவும் செய்த மிகப் பெரிய காரியம்.

பாலையா 1936இல் 'சதிலீலாவதி'யில் அறிமுகமானவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அடுத்த இருபது வருஷம் அவருக்குப் பெரும்பாலும் வில்லன் வேலைதான். 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டுச் சேட்டு, 'மதுரை வீரன்'னில் நரசப்பன். வில்லனாக இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிராளி பேசும்போது முகத்தை ஆட்டாமல், கண்ணால் மட்டும் கணக்குப் போடுவார்கள். பாலையா அந்தக் கண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு நகைச்சுவைக்கு வந்துவிட்டார். விஸ்வநாதன் யாரைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கணக்கு ஓடும். இவனிடம் பணம் இருக்கிறதா, இல்லையா? விடை கிடைத்த மாத்திரத்தில் முதுகு வளைகிறது, அல்லது விறைக்கிறது.

வேலையை விட்டு விரட்டிய அதே அசோக், கோடீஸ்வரர் பிள்ளை என்று தெரிந்ததும் என்ன செய்கிறார் பாருங்கள். 'அசோகன்' 'அசோகர்' ஆகிறான். அதோடு நிற்காமல் 'மகன்' என்ற சொல்லுக்கே மரியாதை விகுதியை ஒட்டி 'மகர்' ஆக்கிவிடுகிறார். எந்த இலக்கண வாத்தியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் பணத்தின் முன்னால் ஒரு மனிதன் எப்படிக் குழைவான் என்பதை ஒரே ஒரு ரகர மெய்யில் சொல்லியாகிவிட்டது. இது ரேடியோவிலும் கேட்டது, அப்போதும் சிரித்தோம். எங்கள் தாத்தா கூடச் சிரித்தார், அவர் சுலபத்தில் சிரிக்கிற ஆள் இல்லை.

தாத்தா பற்றி ஒரு வார்த்தை. சித்தப்பாவுக்கு அப்போது சைக்கிள் கடை வைக்க முதல் வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒலிச்சித்திரம் முடிந்ததும் தாத்தாவின் ஈஸிசேர் எதிரே போய் உட்கார்ந்து ஆரம்பிப்பார். எத்தனை வாடகைச் சைக்கிள், மணிக்கு என்ன வாடகை, பஞ்சருக்கு என்ன, காற்றடிக்க என்ன. தாத்தா வெற்றிலையை மென்றபடி கேட்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. கடைசியில் துப்பிவிட்டு, "சரி, பாப்போம்" என்பார். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. செல்லப்பா அப்பாவிடம் படம் எடுக்கப் பணம் கேட்கிற காட்சியைச் சித்தப்பா அவ்வளவு ஆசையாக நடித்துக் காட்டியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாகேஷ் கதை சொல்லும் அந்தக் காட்சிக்கே வருகிறேன். கதை சொல்லும்போதே வாயால் பின்னணி இசை, காலடிச் சத்தம் எல்லாம் கொடுத்துச் சொல்கிற வழக்கம் உள்ளவர் இயக்குநர் தாதாமிராசி. அவரைப் பார்த்துத்தான் இந்தக் காட்சி பிறந்தது என்பது திரையுலகில் வழங்கும் செய்தி. அதே 1964இல் அவர் இயக்கிய 'புதிய பறவை'யும் ஒரு மர்மக் கதைதான், பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை சொல்பவரின் சேஷ்டையை மட்டும் நம்பி எடுத்திருந்தால் இது ஒரு நல்ல மிமிக்ரியாக முடிந்திருக்கும். நாகேஷ் எழுப்பும் சத்தம் ஒவ்வொன்றும் பாலையாவின் முகத்தில் வந்து விழுகிறது. கண் அவரைத் தொடர்ந்து போகிறது, கழுத்து போகவில்லை. வாய் பாதி திறக்கிறது, மூடுவதற்கு மறந்துவிடுகிறது. பையன் உளறுகிறான், இதற்குப் போய் பணம் கேட்கிறான் என்று முதலாளிக்குத் தெரியும். ஆனாலும் பயம் வந்துவிட்டது, அந்தப் பயத்தைப் பையனிடம் காட்டிக்கொள்ளவும் முடியவில்லை. இந்த மூன்றும் ஒரே முகத்தில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நாகேஷ் என்கிற சூறாவளிக்கு எதிரே பாலையா தானும் சேர்ந்து ஆடவில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்த நிதானம் நாடகக் கம்பெனியில் ஊறியவர்களுக்குத்தான் வரும்.

நாகேஷைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரயில்வே குமாஸ்தாவாக இருந்துவிட்டு நாடகத்துக்கும் சினிமாவுக்கும் வந்த அவருக்கு 1964 ஒரு அபூர்வமான வருஷம். ஆரம்பத்தில் செல்லப்பா, டிசம்பரில் 'சர்வர் சுந்தரம்'. மறுவருஷம் 'திருவிளையாடல்' தருமி. அந்தப் படத்திலேயே பாலையா ஹேமநாத பாகவதர், இருவருக்கும் சேர்ந்த காட்சி இல்லாதது எனக்கு இன்றைக்கும் குறைதான். ஆனால் 1967இல் 'பாமா விஜயம்' வந்தது. அதில் பாலையா மறுபடியும் நாகேஷுக்கு அப்பா, முத்துராமனுக்கும் சேர்த்து. சின்னமலை முதலாளியாக வந்து நாகேஷை மகனாகப் பெற்றவரைத் தமிழ்ச் சினிமா விடவில்லை.

சச்சு கதை வேறு. 1950களின் தொடக்கத்திலேயே குழந்தை நட்சத்திரமாக வந்தவர். 1962இல் 'வீரத்திருமக'னில் கதாநாயகி. 'ரோஜா மலரே ராஜகுமாரி' என்று ஊரே பாடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு ராஜகுமாரியைக் கூப்பிட்டு, நகைச்சுவை நடிகரோடு ஜோடி சேர வேண்டும் என்றால் யாருக்குத்தான் தயக்கம் வராது? அன்றைக்குக் கதாநாயகி காமெடிப் பக்கம் ஒரு தடவை எட்டிப்பார்த்துவிட்டால் திரும்பிப் போகிற கதவு சாத்திக்கொள்ளும். சச்சுவுக்கும் அதுதான் நடந்தது. ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்டேட் மானேஜரின் பெண் மீனலோசனியாக வரும் அவரை நாகேஷ் தன் படத்துக்குக் கதாநாயகி என்று பிடித்துவைத்துப் பாடம் நடத்துவார். நடிக்கத் தெரியாத பெண்ணாக நடிக்க வேண்டும், அதைக் குழந்தையிலிருந்தே நடித்துக்கொண்டிருந்தவர் செய்கிறார். இது சொல்வதற்குச் சுலபமாக இருக்கும். பாடத் தெரிந்தவரை அபஸ்வரமாகப் பாடச் சொல்லிப் பாருங்கள், தெரியும். 

அசோக்காக வரும் ரவிச்சந்திரனுக்கும் முதலாளியின் மகளாக வரும் காஞ்சனாவுக்கும் இது முதல் பெரிய வாய்ப்பு. அவர் மலேசியாவிலிருந்து வந்து திருச்சியில் படித்துக்கொண்டிருந்தவர், இவர் விமானப் பணிப்பெண்ணாக இருந்த வசுந்தராதேவி. ராஜஸ்ரீ ஏற்கெனவே தெரிந்த முகம். மூவரும் அழகாக இருக்கிறார்கள், ஓடியாடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, பெரிதாகச் சொல்லவும் ஒன்றுமில்லை.

முத்துராமனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் இந்தப் படத்தின் பாட்டுகளைப் பற்றி எழுதாத ஆள் இல்லை, அதனால் அந்தப் பக்கம் அதிகம் போகப் போவதில்லை. ஒன்றே ஒன்று. இளைஞன் வாசுவாக மெரினா சாலையில் முத்துராமன் பாடும் 'என்னப் பார்வை உந்தன் பார்வை'க்குக் குரல் ஜேசுதாஸ். அன்றைக்குத் தமிழுக்கு அவர் புதுசு, பட்டு மாதிரிக் குரல். அதே முத்துராமன் கிழவர் வேஷத்தில் 'காதலிக்க நேரமில்லை' என்று பாடும்போது குரல் சீர்காழி கோவிந்தராஜன். கோயில் ஒலிபெருக்கியில் காலை ஐந்து மணிக்குக் கேட்டுப் பழகிய வெண்கலக் குரல். ஒட்டுமுடியும் தடியும் கண்ணுக்கு வேஷம் என்றால், சீர்காழி காதுக்கு வேஷம். ரேடியோவில் கேட்ட எங்களுக்கு ஒட்டுமுடி தெரியாது, ஆனால் ஆள் மாறிவிட்டான் என்பது தெரிந்தது. முருகனைக் கூப்பிட்ட குரலில் காதலைக் கூப்பிடும்போது வருகிற சிரிப்பு இருக்கிறதே, அது மெட்டிலோ வரியிலோ மட்டும் இல்லை, குரலைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது.

'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டுக்கு ஊரில் பல கதைகள் உலவுகின்றன. இசையமைப்பாளர் பெயரும் முதலாளி பெயரும் ஒன்றாக இருந்தால் கதை கட்டாமல் விடுவோமா? எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது, வேலை நீக்கம் செய்யப்பட்டவனின் போராட்டத்தை ஒரு கொண்டாட்டமாக எடுத்திருப்பதுதான். முதலாளியின் பங்களா எதிரே ஆட்டம், கோஷம், பி.பி.ஸ்ரீநிவாஸ் குரல். மெல்லிசான காதல் பாட்டுக்கு என்று முத்திரை குத்தப்பட்ட குரலைக் கோஷம் போட விட்டிருக்கிறார்கள். அந்தப் பங்களா பொள்ளாச்சி பக்கம் ஆழியாறு அணைக்கட்டில் இருக்கும் விருந்தினர் மாளிகை. அணையும் அன்றைக்குப் புத்தம் புதியது.

ஒளிப்பதிவு வின்சென்ட். 'தேனிலவு' படத்துக்காகக் காஷ்மீர் வரை ஸ்ரீதரோடு போய் வந்தவர். அங்கே கறுப்பு வெள்ளை, இங்கே ஈஸ்ட்மன் கலர். அதே வருஷம் மலையாளத்தில் அவரே இயக்கி வெளிவந்த 'பார்கவி நிலையம்' ஒரு பேய்க்கதை. இங்கே நாகேஷ் வாயால் பேய் ஓட்டிக்கொண்டிருக்க, அதைப் படம் பிடித்த மனிதர் அங்கே நிஜமாகவே பேய் வீடு ஒன்றை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து கதை சொல்லும் காட்சி இன்னும் கொஞ்சம் இனிக்கிறது.

வி.எஸ்.ராகவனை விட்டுவிட்டால் பாவம். வாசுவின் நிஜ அப்பா. படம் முழுக்கப் பொய்யான அப்பா ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கும்போது நிஜமான அப்பா ஒருவர் வந்து நிற்பதுதானே முடிச்சு? அந்தத் தட்டையான குரலில் அவர் பேசுவதே போதும், சிரிக்க வைக்க அவர் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சுற்றிலும் எல்லோரும் நடிக்கும்போது நடிக்காத ஒருவர் வந்தால் அவர்தான் வேடிக்கை.

படம் பல மொழிகளுக்குப் போயிற்று. தெலுங்கில் 1965இல் 'பிரேமிஞ்சி சூடு'. இந்தியில் 1966இல் 'ப்யார் கியே ஜா', ஸ்ரீதரே இயக்கினார். முத்துராமன் இடத்தில் கிஷோர் குமார், ரவிச்சந்திரன் இடத்தில் சசி கபூர், நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ், சச்சு இடத்தில் மும்தாஜ். மெஹ்மூதுக்கு ஃபிலிம்பேர் விருது கிடைத்தது. கதை சொல்லும் காட்சி அங்கேயும் பிரசித்தம். ஓம் பிரகாஷ் சாதாரண நடிகர் இல்லை, நன்றாகவே பயப்படுகிறார். ஆனால் அவர் பயப்படுவது தெரிகிறது. பாலையா பயத்தை மறைப்பது தெரிகிறது. நான் பாலையா பக்கம்தான், நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. சைக்கிள் கடை வைத்தார், நன்றாகவே நடத்தினார், மூடியும் ஆயிற்று. காது சுத்தமாகப் போய்விட்டது. மெஷின் வாங்கிக் கொடுத்தோம், "கொய்ங்குனு சத்தம் வருது" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது டிவியில் இந்தப் படம். சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று யாரோ சுத்தமாக அணைத்துவிட்டிருந்தார்கள். செல்லப்பா கதை சொல்ல ஆரம்பித்தான். பழைய ஞாபகத்தில் சித்தப்பா வாயைக் குவித்துக் கதவுச் சத்தம் எழுப்புவார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுப்பவில்லை. நாற்காலியில் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து, கண்ணைச் சுருக்கி, பாலையாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலையாவின் வாய் மெல்லத் திறந்தது. சித்தப்பாவின் வாயும் திறந்திருந்தது.

பிறகு சிரித்தார். தோள் குலுங்க, சத்தமே வராமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கப்பா இப்படித்தான்டா உக்காந்து கேட்டாரு," என்றார். "மூணு வருஷம்."